திரும்பி வந்த டிரம்

ஜூன் 9, திங்கள்

இங்கிலீஷ் கிளாஸில் டோரதி மிஸ் இன்று சிரித்த சிரிப்பு ராயபுரம் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். ‘கெட் ரிட் ஆஃப்’ வைத்து இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். தினமும் காலையில் வீட்டுக்காரரை கெட் ரிட் ஆஃப் செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வேலைக்கு அனுப்பி வைக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு!

“அய்யோ சௌமியா, அது வேணாம்னு தலைமுழுகுறதுக்குச் சொல்றது. போய்த் தொலைஞ்சா போதும்னு இருக்கணும்.”

வீட்டுக்காரர் லோகுவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

இங்கிலீஷ் வந்தால்தான் நான் வேலை பார்க்கும் சாத்தாங்காட்டு பழைய இரும்புக் கடையில் வெளியூர் வியாபாரிகளோடு பேசும் போனை முதலாளி என்னிடம் கொடுப்பார். இல்லையென்றால் அவர் மச்சானுக்குப் போகும். நான் காலம் முழுக்க பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஜூன் 11, புதன்

மிஸ் போட்ட சட்டம் — செய்யாததை எழுதக்கூடாது. சரி, எதைத் தலைமுழுகுவது? லோகு அதே சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர். திரும்பின பக்கமெல்லாம் அவர் கொண்டுவந்து போட்ட இரும்பு. இறக்கையில்லாத ஃபேன். கப்பல் ஜன்னல் சட்டம். கட்டிலுக்கடியில் வாஷிங் மெஷின் டிரம். கேட்டால், “இர்க்கட்டும் சௌமி, வெல ஏறும்.” இதுவரை ஏறியது என் கால் கட்டைவிரல் வீக்கம்தான்.

டிரம்தான். நாளைக்கே.

ஜூன் 12, வியாழன்

அவர் கிளம்பியதும் டிரம்மை உருட்டிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டி பக்கத்தில் வைத்தேன். என்ன நிம்மதி! வாக்கியமும் எழுதியாகிவிட்டது.

சாயங்காலம் வந்தால் வாசலில் டிரம். எங்கள் தெருவில் எந்த இரும்பு கிடந்தாலும் அது லோகுவுடையது. மீன் விற்கும் கன்னியம்மாக்கா தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“எவனோ உன் வூட்டு டிரம்ம தூக்கினு போய் குப்பைல போட்டுக்கீறான். நல்லவேள, நா பாத்தேன்.”

“ரொம்ப தேங்ஸ்க்கா” என்றேன். வேறென்ன சொல்ல? லோகு அக்காவுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜூன் 13, வெள்ளி

வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

மச்சான் வரவில்லை என்று முதலாளி போனை என்னிடம் நீட்டினார். புனேயிலிருந்து ஒருவர், ஒரு லாரி பழைய வாஷிங் மெஷின் டிரம் விற்க வேண்டுமாம். அவர் சொன்ன விலையைத் தாளில் எழுதிக் காட்டினேன். சரி சொல் என்று முதலாளி சைகை காட்டினார். அதற்குள் அந்த ஆள் பெருமூச்சு விட்டு, குடோனில் இடமே இல்லை, “வி ஜஸ்ட் வான்ட் டு கெட் ரிட் ஆஃப் தெம்” என்றார்.

அட, இவர் என் கட்சி! லோகு மாதிரி ஆள் வாயில் இந்த வார்த்தை வரவே வராதே. நான் பாதி விலை சொன்னேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். கெடுத்துவிட்டேனா? வேலையே போய்விடுமா?

“ஓகே மேடம்.”

மேடமாம்!

திருப்பிக் கொடுத்த போனை முதலாளி வாங்கவில்லை. “நீயே வச்சுக்கோம்மா. மச்சானுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

ஜூன் 21, சனி

லாரி வந்து லோடு இறங்கியது. வீட்டுக்கு வந்தால் வாசலில் லோகு, இடுப்பில் குழந்தையைப் போல ஒரு டிரம்.

“நீ பேசி வாங்குன மொத லோடு, சௌமி. ஓனராண்ட கேட்டு ஒண்ணு எத்துகினு வந்தேன். இர்க்கட்டும்.”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது. கட்டிலுக்கடியில் பழைய டிரம்மைத் தள்ளி நானே இடம் செய்து கொடுத்தேன்.

மிஸ்ஸுக்கு எழுத வேண்டிய வாக்கியம் இன்னும் பாக்கி.