மாடிப்படி ஒயரில் தேன்சிட்டு

மார்ச் 4, திங்கள்
பெசன்ட் நகரிலேயே காற்று இல்லை. வெக்கை. யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்: இரண்டாம் மாடிப்படி கேபிள் ஒயரில் தொங்கிய குப்பையை ஒட்டடைக் கம்பால் ஓர் இடி இடித்தேன். காய்ந்த இலை, நூலாம்படை, சாக்லேட் காகிதம். உள்ளேயிருந்து மஞ்சள் வயிற்றுக் குருவி ஒன்று என் மூக்கை உரசிக்கொண்டு பறந்தது. பன்னிரண்டு வருடமாக இந்த ஃப்ளாட் படிகளைப் பெருக்குகிறேன். குப்பை எது, வீடு எது, தெரியவில்லை.

ஃப்ளாட் செயலாளர் மூர்த்தி சாரிடம் சொன்னேன்.
"அது பழைய கூடும்மா. வெள்ளிக்கிழமை பெயிண்டர் வரான், எடுத்துப் போட்டுடுவான். குருவி இருக்குன்னா போட்டோ எடுத்து ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்புல போடு, அப்புறம் பாக்கலாம்."
"போடறேன் சார். உங்க போட்டோவ விட நல்லாவே வரும்."

மார்ச் 5, செவ்வாய்
ஒரு மணி நேரக் காவல். மஞ்சள் வரவில்லை. கறுப்பு ஒன்று வந்தது. வெயிலில் நீலம். கூட்டுக்குள் போகாமல் வெளியே நின்று ஒரே கத்தல். திருடனோ?
வீட்டுக்காரர் (இங்கேதான் வாட்ச்மேன்): "தேன்சிட்டு அது. கறுப்பு ஆம்பள, மஞ்சள் பொம்பள."
"அப்ப ஆம்பள ஏன்யா வூட்டுக்குள்ள போவல?"
"வாசல்ல காவல் காக்குது."
"உன்ன மாரியா? அது தூங்காம கத்திக்கினாவது கீது."
எடுத்த போட்டோ: ஒயர். ஒயர். என் கட்டைவிரல். ஒயர்.

மார்ச் 6, புதன்
ஒரே குழப்பம். காலையில் இரண்டுமே இல்லை. நான் இடித்ததில் பயந்து ஓடிவிட்டனவா? முட்டை இருந்ததா? தரையெல்லாம் தேடினேன், ஓடு கிடைக்கவில்லை. நல்லதா கெட்டதா? மதியம் பாதி கறுப்பு பாதி மஞ்சளாக ஒன்று. இது யார் வீட்டுப் பிள்ளை? வீட்டுக்காரர், "எனக்கு இன்னா தெரியும்." நேற்று எல்லாம் தெரிந்த மனிதர்.
ரேஷனுக்குப் போக மறந்தேன். கம்பைப் பார்த்தாலே ஒரு மாதிரி.

மார்ச் 7, வியாழன்
நாளை பெயிண்டர். படி கழுவவில்லை. விடிந்ததும் மூன்றாம் மாடிப்படியில் உட்கார்ந்து போனைக் கூட்டுக்கு நேராகப் பிடித்தேன். ஏழுக்குக் கொஞ்சம் முன்னால், சரியாக வருகிறதா என்று ஒரு தடவை அழுத்தினேன். ஏழு மணிக்கு மஞ்சள், வாயில் சிலந்தி. கூட்டு வாசலில் இரண்டு குட்டி வாய். இருக்கின்றன! அழுதேன் போல. மறுபடி அழுத்தி, அப்படியே குரூப்பில் போட்டேன்.
மூர்த்தி சார் பதில்: "கூடு இருக்கட்டும். அந்தப் படிக்கு அடுத்த மாசம் பெயிண்ட்."
நான் அழுத்தியது போட்டோ இல்லையாம், வீடியோவாம். நாலு நிமிடம். கடைசி அரை நிமிடம் குருவி. அதற்கு முன்னால், மூர்த்தி சாரைப் பற்றி காலி என்று நினைத்த கூட்டிடம் நான் பேசிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வீட்டிலும் பார்த்துவிட்டார்கள். சத்தம் தெளிவாகக் கேட்கிறது என்கிறார் வீட்டுக்காரர்.