சாருக்கு என்ன இருக்கிறது?

போர்ட் பிளேர்
9.8.1998

அன்புள்ள ஸ்வர்ணலதாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? லாவண்யா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நேற்று வகுப்பில் ஒரு வேடிக்கை. சைல்டு என்பது சில்ரன் ஆவதுபோல் பன்மையில் உருமாறும் ஆங்கிலச் சொற்களையும், ஒரு பொருள் யாருடையது என்று எழுதும் முறையையும் நடத்தினேன். எடுத்துக்காட்டுக்கு வேறு எங்கே போவேன்? லாவண்யாவின் சைக்கிள், ஸ்வர்ணலதாவின் தையல் மெஷின், ஆரணிப் பெண்களின் பட்டுச் சேலைகள், அண்ணனின் வீடு என்று கரும்பலகையை நிரப்பினேன். தேவகி என்ற தமிழ்ப் பெண் எழுந்து, "சார், எல்லாருக்கும் ஏதோ இருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்றாள்.

"சாருக்குத்தான் பிரம்பு இருக்கே!" என்றான் பின்வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அப்பா தறி நெய்து கட்டிய வீட்டை அருணகிரி அண்ணன் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டதை நான் மன்னிக்கவில்லை. "இன்னும் அதையே நெனச்சிகினு இருக்கீங்களா?" என்று கேட்பாய். ஆமாம். எம்.ஏ. படித்துவிட்டு, கடல் தாண்டி வந்து ஒற்றை அறையில் கிடப்பவன் வேறு எதை நினைப்பான்?

உன்னால் ஒரு சின்ன வேலை ஆக வேண்டும். அந்த வீட்டு மாடியில் நான் உட்கார்ந்து படித்த மர நாற்காலி கிடக்கிறது. அண்ணியிடம் கேட்டு வாங்கி, நம் வாடகை வீட்டில் போட்டு வை. லாவண்யா அதில் துணி மடித்து வைத்தாலும் சரி, "அப்பா நாற்காலி" என்றே சொல்லிப் பழகட்டும். தேவகி மறுபடி கேட்டால் சொல்ல எனக்கு ஒன்று வேண்டும்.

தபால் எடுக்கும் நேரம். உடம்பைப் பார்த்துக்கொள்.

சடையப்பன்