அப்பா மேடையில் படித்தது

1921 மார்ச் 4

அப்பாவின் வக்கீல் அறையில் உட்கார்ந்து அவருக்குப் பிரசங்கம் எழுதினேன். பதினெட்டாம் தேதி சீர்திருத்த சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பொருள்: பெண் கல்வி. நான் பி.ஏ. படித்ததில் வீடு கண்ட பலன் இதுதான். நான் எழுதுவதை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மேடையில்தான் முதல் தடவையாகப் படிப்பார். "அப்பதாண்டா உணர்ச்சி வரும்" என்பார். வருகிறதுதான். போன வருஷம் அழுதே விட்டார்.

மார்ச் 7

தங்கை வைத்தியக் கல்லூரி விண்ணப்பத்தை நீட்டினாள். தகப்பனார் கையெழுத்து வேண்டும். அப்பா அதை மடித்து, வழக்குக் கட்டுகளுக்கு அடியில் செருகிவிட்டார்.

"பொண்ணுங்க படிக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களேப்பா?" என்றாள்.

"அது கொள்கை. இது வீடு."

கொள்கை. வீடு. இரண்டுக்கும் நடுவே அப்படி என்ன பூட்டிய கதவு?

மார்ச் 8

அவள் சாப்பிடவில்லை.

மார்ச் 11

அம்மா சொன்னாள்: "நாலு நாள் அழுவா. அப்புறம் சரியாயிடும்."

"நீ அழுதியாம்மா?"

"எனக்கு ஏதுடா நேரம்?"

தங்கை என்னைப் பார்த்த பார்வை! விண்ணப்பத்தை ஒளித்தவன் நானா? இல்லை. எடுத்துக் கொடுத்தேனா? அதுவும் இல்லை.

மார்ச் 17

பிரசங்கத்தின் கடைசித் தாளில் ஒரு வாக்கியம் சேர்த்தேன். மற்றத் தாள்களோடு சேர்த்துக் கட்டிவைத்தேன்.

மார்ச் 18

தலைமை, வெள்ளைக்கார ஜட்ஜ். அப்பா குரல் தழுதழுக்கப் படித்துக்கொண்டே வந்தவர், அதே வேகத்தில், "என் சொந்த மகளையே இந்த ஜூலையில் வைத்தியக் கல்லூரியில் சேர அனுமதிக்கிறேன்" என்றார். சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. திறந்த வாய் திறந்தபடி நின்றார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. ஜட்ஜ் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

வண்டியில், "குழி பறிச்சிட்டியேடா, பாவி!" என்றார். அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக: "துரை தானா எழுந்து வந்து கை குடுத்தாரே, எல்லாரும் பாத்தாங்கல்ல?"

பெற்ற மகள் பட்டினி கிடந்தபோது அசையாத மனிதர். ஒரு வெள்ளைக் கை பட்டதும் — சீ! இதற்குப் பெயர் சீர்திருத்தமா?

மார்ச் 19

பத்திரிகையில் அப்பாவின் பிரசங்கம் வந்திருக்கிறது. காலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். விண்ணப்பத்தைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, குதிப்பாள் என்று நின்றேன். அவள் பத்திரிகையில் விரலை வைத்தாள்.

"'அனுமதிக்கிறேன்'னு எழுதினது நீதானே அண்ணா?"

"அப்பா வாயில வரணுமே, அதான்."

"'என் மகள் சேர்கிறாள்'னு எழுதியிருந்தா வந்திருக்காதா?"

வந்திருக்கும்.

ஜூலை 2

தங்கையை ரயிலேற்றிவிட்டு வந்தோம். அடுத்த வாரம் நகரசபையில் பேச வேண்டுமாம் அப்பாவுக்கு. இனி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "கொழுப்பு" என்றார்.

அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'அன்று நீ கேட்டது சரி; அனுமதி என்ற சொல் என்னுடையதுதான்.' இந்த ஒரு வரிக்கே பகல் முழுவதும் ஆயிற்று.