ரெண்டு மார்க் கேள்வி

கோவில்பதாகை, ஆவடி
ஞாயிறு

அன்புள்ள சௌம்யாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், நலம் என்று எழுதும்போது அவளுடைய முழங்காலைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக்லாந்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் புகுந்துவிடுகிறாள், வாட்ஸாப்பில் அனுப்பினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி முடித்துவிடுகிறாய். எனக்கு முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் தாளில் எழுதித் தபாலில் அனுப்புகிறேன். உன் பெரியப்பா நூம்பலில் கட்டிய வீட்டுக்குப் போன வாரம் கிரகப்பிரவேசம். கூடப் பிறந்தவனுக்கு அழைப்பை வாட்ஸாப்பில் அனுப்பினார், அதுவும் அறுபது பேர் இருக்கும் குழுவில். நான் போகவில்லை. அம்மா மட்டும் போய் வந்து, டிபன் சுமார்தான் என்றாள். உண்மையிலேயே சுமாரா, எனக்காகச் சொன்னாளா தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் மெக்கானிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டதால் அந்தப் பேப்பரை என் தலையில் கட்டினார்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, கட்டியவன் பூபாலன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு முன்னால் துறைத் தலைவர் ஆன இயற்பியல்காரன். கணக்கு வாத்தியார் திணறட்டும் என்றுதான் கொடுத்தான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நான் படிக்கும் காலத்திலேயே இயக்கவியலை ஒதுக்கிவிட்டு இயற்கணிதம் எடுத்தவன், அது அவனுக்கும் தெரியும். சரி என்று முதல் வகுப்பு மாணவனைப் போலப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. இயக்க விதிகளில் முதல் விதி, விசை எதுவும் இல்லாவிட்டால் பொருள் நேர்க்கோட்டில் ஒரே வேகத்தில் போகும் என்கிறது. இரண்டாம் விதி, விசை எவ்வளவோ அதற்கேற்ற முடுக்கம் என்கிறது. விசை பூஜ்யமானால் முடுக்கமும் பூஜ்யம், அப்படியென்றால் முதல் விதி இரண்டாவதற்குள்ளேயே அடங்கிவிட்டதே, பிறகு எதற்குத் தனியாக ஒரு விதி? கணிதத்தில் இதைச் செய்தால் சிரிப்பார்கள். இரண்டாவதிலிருந்து கிடைப்பதை முதலாவதாக வைத்து அடிகோள் என்று யாரும் பெயர் சூட்டமாட்டார்கள். ஒன்று, விதியை வகுத்தவர்களுக்கு விவரம் போதவில்லை, அல்லது நம் புத்தகம் எழுதியவர்கள் அதைப் புரிந்துகொள்ளவில்லை. பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்டேன். மூன்று வாரம் இதையே பேசினோம். பூபாலன் முதல்வரிடம் போய், சிலபஸ் நகரவில்லை, பிள்ளைகளைக் குழப்புகிறார் என்று சொன்னான். இனி பாடத்திட்டத்தை மீறமாட்டேன் என்று மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது அவர்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்திருக்க ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும், சரியில்லை என்று பட்டால் பேப்பர் போகும், வேலையும் போகலாம் என்றார்கள். நீ அன்றைக்குப் போனில், சாரி சொல்லிட்டு வேலைய பாருங்கப்பா, ஊர்ல இருக்கிற எல்லா சண்டையும் நீங்கதான் போடணுமா என்று கேட்டாய். அம்மாவும், அவ சொல்றதுல என்ன தப்பு என்றாள். அதற்கு இந்தக் கடிதம்தான் பதில்.

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வகுப்பை எடுத்துக் காட்டினேன். முதல்வரும் பூபாலனும் கடைசி பெஞ்சில். நான் வாய் திறப்பதற்குள் பூபாலன் எழுந்து, சார், முதல் விதி ரெண்டு மார்க் கேள்வி, அதுக்கு மூணு வாரமா உட்கார்ந்திருக்கீங்களே, மிச்சத்தை அடுத்த ஜென்மத்துல நடத்துவீங்களா என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, ரெண்டு மார்க்குக்கு நீங்க பதில் சொல்லுங்க, விசை இல்லாவிட்டால் நேர்க்கோடு, சரி, எங்கே நின்று பார்த்தால் நேர்க்கோடு என்று கேட்டேன். அவன் வாயைத் திறக்குமுன் அஜித்குமார் என்று ஒரு பையன், இந்தப் பக்கத்துக்காரன்தான், எழுந்தான். சார், பஸ்ஸு பிரேக்கு போட்டா நம்மள யாரும் தள்ளல, ஆனா முன்னாடி கீற அக்கா மேல போய் வுழறோம், அந்த அக்கா நம்மளதான் திட்டுது, அப்ப தள்னது யாரு சார் என்றான். பின்னாலிருந்து ஒரு குரல், நீ வுழறதுக்கு வேற ரீசன் கீது மச்சான் என்றது. முதல்வரே சிரித்துவிட்டார். நான் பலகையில் பேருந்தை வரைந்தேன். ரோட்டோரம் நிற்கிறவனுக்கு அஜித்குமார் முன்பு போன வேகத்திலேயே போகிறான், நின்றது பேருந்து மட்டும், விதி சரியாக நிற்கிறது. பேருந்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் தள்ளாமலே ஒருவன் பாய்கிறான், விதி பொய்யாகிறது. ஆக எங்கே நின்று பார்ப்பது என்று சொல்லாமல் இரண்டாம் விதியைத் தொடவே முடியாது. விதி சரியாக நிற்கும்படி நின்று பார்க்க ஓர் இடம் உண்டு என்று உறுதி சொல்வதுதான் முதல் விதியின் வேலை. அது இரண்டாவதன் வால் இல்லை, இரண்டாவது நிற்பதற்கான தரை. இதை நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, நல்ல புத்தகங்களில் இருக்கிறது, எங்கள் கல்லூரிப் புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் தேடி அலைந்து நானாக வந்து சேர்ந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது கண்ணு, பிஎச்.டி. வாங்கிய நாளில்கூட அப்படி இல்லை.

பூபாலன் விடவில்லை. அப்படின்னா இந்த ரூம்ல அந்த விதி உண்மையா பொய்யா, ஒரே வார்த்தையில சொல்லுங்க சார் என்றான். கேள்வி நல்ல கேள்வி, அதைக் கேட்டவன் மேல் எனக்கு நல்ல எண்ணம் இல்லை என்பதற்காகக் கேள்வியைக் குறைசொல்லமாட்டேன். உண்மை என்று சொல்லியிருந்தால் முதல்வர் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார், எனக்குப் பேப்பரும் நிலைத்திருக்கும். சரியாகச் சொன்னால் இல்லை என்றேன். பூமி சுற்றுகிறது, இந்த அறையும் கூடவே சுற்றுகிறது, நாமும் வளைவில் திரும்பும் பேருந்துக்குள்தான் இருக்கிறோம், வளைவு பெரிது என்பதால் யார் மேலும் விழவில்லை. பாலம் கட்டவும் இயந்திரம் செய்யவும் இந்த அறை போதும். ஆனால் அப்பழுக்கில்லாத அந்த இடம் நம் கல்லூரி இருக்கும் இந்த வேலப்பன்சாவடியில் இல்லை, எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றேன். வாத்தியாராகி இத்தனை வருஷத்தில் பலகைக்கு முன்னால் நின்று தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. முதல்வர் எழுந்து, கல்லூரிப் புத்தகத்துல போட்டிருக்கிற விதி பொய்னு நீங்களே சொன்னா பேரண்ட்ஸுக்கு நான் என்ன பதில் சொல்றது என்றார். பிறகு அவர் அறைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார். படித்துப் பார்த்தேன், இரண்டு எழுத்துப் பிழை இருந்தது, திருத்திவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

பேப்பரைப் பிடுங்கிவிட்டார்கள். வேலையில் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டார்கள், அங்கீகாரக் குழு ஆய்வுக்கு வரப்போகிறது, கணிதத்தில் டாக்டர் பட்டம் வைத்திருப்பவன் அங்கே நான் ஒருவன்தான். அதனால் அம்மாவோடு சேர்ந்து நீயும் கவலைப்படாதே. மெக்கானிக்ஸைப் பூபாலனே எடுத்துக்கொண்டான். இந்தப் புதன்கிழமை அந்த வகுப்பறை வராந்தா வழியாக என் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே அவன் குரல். முதல் விதி ரெண்டாவது விதியோட வால் இல்லை, அது நிக்கிறதுக்கான தரை, புரியுதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். பலகையில் பேருந்து. நான் வரைந்ததைவிட மோசமாக, சக்கரங்கள் கோழிமுட்டை போல. என் பெயரைச் சொல்வான் என்று சன்னலோரம் கொஞ்சம் நின்றேன், சொல்லவில்லை. உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கால் எழுந்தது. அப்போது ஒரு பெண், அப்ப புக்குல இருக்கிறது தப்பா சார் என்றாள். அவன் கொஞ்சம் யோசித்து, ஆமா, தப்பா போட்டிருக்கான் என்றான். நான் நடந்துவிட்டேன். அவன் மேல் எனக்குள்ள கணக்கில் இன்னொன்று கூடியிருக்கிறது, அதை விடுவதாக இல்லை. ஆனால் நீ சொன்னபடி நான் சாரி சொல்லியிருந்தால் அந்தப் பெண் ரெண்டு மார்க் வாங்கிக்கொண்டு போயிருப்பாள், அந்தக் கேள்வி அவள் வாயில் வந்திருக்காது.

வேறு விசேஷம் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கிறோம், நீ அவளிடம் கேட்டால் வலியே இல்லை என்பாள், நம்பாதே. பாஸ்போர்ட் முடியும் தேதியைப் பார்த்து இப்போதே புதுப்பிக்கக் கொடு, கடைசி நேரத்தில் ஓடாதே. நல்ல உடம்போடும் நேரான புத்தியோடும் நீ நீடு வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். பதிலைத் தாளில் எழுது, கட்டைவிரல் வேண்டாம்.

இப்படிக்கு
உன் அப்பா
வேலுசாமி