கீழ்முனைப் பாத்தி

ஜூன் 3

வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் தோட்டம். முப்பத்திரண்டு குடும்பங்கள், முப்பத்திரண்டு பாத்திகள். எங்களுடையது கீழ்முனையில், ஓடைக்கரையை ஒட்டி. பக்கவாதம் வந்த பிறகு என் வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரே இடம் அது. இன்று அவரைக்கொடியை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் கட்டினார். பதினான்கு மாதம் மரத்துக் கிடந்த வலது கை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “கண்ணு வைக்காத” என்றார்.

ஜூன் 8

தோட்டச் சங்கக் கூட்டம். போன வருடம் வெள்ளம் தோட்டத்தையே வழித்துக்கொண்டு போனதை யாரும் மறக்கவில்லை. தலைவர் ஓய்வுபெற்ற சர்வேயர். அளக்காமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். “மண் மூட்டை அடுக்கி நம்ம கரையை ரெண்டடி உயர்த்திட்டா கவலை விட்டுது” என்றார். செயலாளர் நான், தீர்மானத்தை எழுதினேன். கையும் தூக்கினேன்.

ஜூன் 15

கடைசி மூட்டையும் ஏறிவிட்டது. இடுப்பு விட்டுப்போச்சு.

எதிர்க்கரையில் தாழ்வாக ஆறு வீடுகள். எங்கள் கிளினிக் நர்சுகளுக்குச் சீருடை தைக்கும் தையற்காரியின் வீடும் அதில் ஒன்று. வாசலுக்கு வந்து கூப்பிட்டாள்: “அக்கா, உங்க பக்கம் உயர்ந்துடுச்சு. இனிமே தண்ணி எங்க போகும்?”

சிரித்து மழுப்பினேன். எதற்குச் சிரித்தேன்?

ஜூன் 16

சர்வேயரிடம் கேட்டேன். “அவங்களும் கட்டிக்கட்டும் நர்ஸம்மா. ஊருக்கெல்லாம் நாமளா கரை போட முடியும்?”

அவளுடைய அப்பா படுத்த படுக்கை. அவள் மூட்டையைத் தூக்குவாளா, அப்பாவைத் தூக்குவாளா?

ஜூன் 23

மழை.

ஜூன் 24

மழை விடவில்லை. ஓடை மூட்டையின் பாதி வரை ஏறிவிட்டது. சர்வேயர் குடையோடு வந்து, “கரை நிக்குது பாத்தீங்களா!” என்றார். நான் எதிர்க்கரையைப் பார்த்தேன். தண்ணீர் அவள் வாசற்படியில்.

ஜூன் 25

எழுதினால்தான் தூக்கம் வரும்.

காலை ஒன்பதரைக்குத் தையற்காரியின் போன். “அக்கா, தண்ணி கட்டில் கால் வரைக்கும் வந்துடுச்சு. மத்த வீட்டுக்காரங்க விடியக்காலையே கிளம்பிட்டாங்க. அப்பாவைத் தூக்க ஆளில்ல. பாலத்து மேலயும் தண்ணி.” தீயணைப்புக்குச் சொன்னேன். வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். இரண்டு மணி நேரம்!

தோட்டத்துக்கு ஓடினேன். உள்ளே காய்ந்த மண், பச்சைப் பசேல் என்று பாத்திகள். மூட்டைக்கு அந்தப் பக்கம் என் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர். தோட்டம் ஒரு பள்ளம். கீழ்முனையைத் திறந்துவிட்டால் பாதித் தண்ணீர் இதற்குள் வந்துவிடும். கீழ்முனை — எங்கள் பாத்தி.

இவர் அங்கேதான் நின்றார், பந்தலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு. கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாரோ என்ற பயம். வேண்டாம் என்றால் என் கை ஓடாது. “மேல போங்க” என்று மட்டும் கத்திவிட்டு, கவாத்துக் கத்தியால் மூட்டைகளைக் கிழித்தேன். அப்புறம் மண்வெட்டி. மேல்முனையிலிருந்து சர்வேயர் ஓடி வந்தார். “நர்ஸம்மா! பைத்தியமா உங்களுக்கு? முப்பத்திரண்டு பேர் உழைப்பு!”

“அங்க ஒரு மனுஷன் படுத்துக் கிடக்கறாருங்க!”

நான்காவது மூட்டை சரிந்ததும் மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. வேலிக் கம்பியைப் பிடித்துத் தப்பினேன். திரும்பிப் பார்த்தபோது அவரைப் பந்தல் இல்லை.

மேட்டில் நின்ற இவர் கேட்டது ஒன்றே ஒன்று: “என்னைக் கேட்டியா?”

பதினோரு மணிக்கு அவள் வாசற்படி விளிம்பு மறுபடி தெரிந்தது. பன்னிரண்டரைக்குத்தான் தீயணைப்புப் படகு வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. உயிரோடு.

ஜூன் 26

தோட்டம் முழுக்கச் சேறு. சர்வேயர் என்னிடமிருந்த கேட் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூன் 30

இவர் பேசவில்லை. சாப்பிடுகிறார், தட்டைத் தானே கழுவி வைக்கிறார். திட்டினாலாவது தேவலை.

ஜூலை 6

கூட்டம். என்னைத் தூக்கி எறிவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். சர்வேயர் ஒரு தாளை விரித்தார். எதிர்க்கரைச் சுவர்களில் தண்ணீர் நின்ற கோட்டைப் போய் அளந்திருக்கிறார். “போன வருஷத்தைவிட மழை குறைச்சல். ஆனா அங்க தண்ணி ஒண்ணேகால் அடி கூடுதல். நம்ம மூட்டையாலதான். நான் முதல்லயே அளந்திருக்கணும்.”

முடிவு: மூட்டைகளை எடுத்துவிடுவது. கீழ்முனையில் மூன்று பாத்திகளை ஆழமாகத் தோண்டி வெள்ளத்துக்கென்று விடுவது. யாரையும் கேட்காமல் வெட்டியதால் எனக்குச் செயலாளர் பதவி கிடையாது. நியாயம்தான். அந்த மூன்று பாத்திக்காரர்களும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேர் தயங்கினார்கள். இவர் முதலில் எழுந்து போய்ப் போட்டார்.

வீடு வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 2

காலையிலிருந்து நல்ல மழை. இவரைக் காணோம். தோட்டத்துக்கு ஓடினேன். பள்ளத்தின் விளிம்பில் குடையோடு நின்றிருந்தார். ஓடை வழிந்து, எங்கள் பாத்தி இருந்த இடத்தில் சத்தமில்லாமல் நிறைந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம்.

இரண்டடி தள்ளி நின்றேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே குடையைச் சாய்த்தார்.

“உள்ள வந்து நில்லு. நனையற.”