பதினான்கு சீரியல் செட்

டிச. 14, ஞாயிறு

காலையில் தூறல். மணலிப் பக்கமிருந்து கேஸ் நாற்றம், ஜன்னலைச் சாத்தினேன். மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது கடைசி வீட்டு ஸ்டீபன் பிடித்துக்கொண்டான்.

"மாமா, தெருவுக்கு சீரியல் லைட்டு எத்தினி செட்டு வாங்கணும்? வருசா வருசம் அத்தைதான் சொல்லும். இப்போ நீதான் சொல்லணும்."

என் செலின் இதற்குக் காகிதம் பேனா எடுத்ததே இல்லை. துணி காயப்போட்டபடியே சொல்லிவிடுவாள். ஆகஸ்டில் போய்விட்டாள். கேட்டு வைத்துக்கொள்ளாதது என் தப்பு.

சரி என்றேன். துறைமுகத்தில் முப்பது வருஷமாகக் கண்டெய்னர் எண்ணுகிறவன். இதை எண்ண மாட்டேனா.

வாங்க: பி.பி. மாத்திரை, சோப்பு, முட்டை 2.

டிச. 16, செவ்வாய்

வேலைக்குப் போகுமுன் தெருவில் ஒரு நடை. எதிர்வீட்டு மும்தாஜ் வாசல் பெருக்கியபடி, "இன்னாண்ணா, ரெண்டு நாளா தெருவயே அளந்துகினு கீறே?"

தெருமுனையில் மாதா சிலை வைத்த கெபிக்கு 4.
எங்கள் வரிசையில் வீடு 11. வீட்டுக்கு ஒன்று.
எங்கள் வீடு கழிக்க. சாவு விழுந்த வீடு. வருஷம் திரும்பும்வரை கிறிஸ்துமஸ் ஸ்டாரும் இல்லை, விளக்கும் இல்லை.
ஆக 14.

எங்கள் வீட்டை அடிக்கும்போது பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அடித்தேன். செலினுக்கு நான் செய்ய மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

டிச. 18, வியாழன்

ஸ்டீபன் பாரிமுனையில் 14 செட்டும் வாங்கிவிட்டான். அவன் பாப்பாவுக்கு முதல் கிறிஸ்துமஸ், தலைகால் புரியவில்லை அவனுக்கு. ராத்திரிக்கும் காலையில் வாங்கிய இட்லியே. ரசம் வைக்க எனக்கு இன்னும் வரவில்லை.

டிச. 20, சனி

மழை இல்லை. ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்தால் எங்கள் வீட்டு முகப்பிலும் விளக்கு. ஸ்டீபன் வீடு இருட்டு.

கரண்ட் கெபியிலிருந்து. அங்கே தொடங்கி ஒன்றோடொன்று சொருகி வந்திருக்கிறார்கள். பத்தாவது வீட்டோடு 14 செட்டும் தீர்ந்துவிட்டது. கணக்கில் எங்கள் வீட்டைக் கழித்தேனே தவிர, வயர் அதைத் தாண்டித்தானே போக வேண்டும்? பறந்தா போகும். மடையன் நான்.

"வுடு மாமா. நாளைக்கு இன்னொரு செட்டு வாங்கிக்கலாம். இது இங்கியே இருக்கட்டும். அத்தை வூடு இருட்டா இருந்தா எங்களுக்கே பேஜாரா கீது" என்றான் ஸ்டீபன்.

எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். சமையலறை ஜன்னலில் பச்சை, சிவப்பு. உள்ளே ஆள் இருக்கிற வீடு மாதிரி. கொஞ்ச நேரம் சந்தோஷமாகவே இருந்தது. அதுதான் பயமாகிவிட்டது. நாலு மாசம்தான் ஆகிறது.

ஸ்டூல் போட்டு நானே அவிழ்த்தேன். அழுதேன், ஸ்டீபன் பார்க்காத மாதிரி நின்றான். எங்கள் வீட்டுக்கு வெறும் வயர் போட்டு, அந்த செட்டை அவன் வாசலில் கட்டினார்கள்.

மும்தாஜ் கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தாள்.

"நல்லா எரிஞ்சுகினு இருந்தத ஏண்ணா கழட்டினே?"

செலினுக்காக என்றேன்.

"அண்ணிக்கு லைட்டுன்னா உசுராச்சே."

ஆமாம். அப்படியென்றால் யாருக்காகக் கழற்றினேன்?