எல்லாருக்கும் முதல் வரிசை

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் தங்கையும், என் முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நன்றாகவே இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்ப்பா" என்று ஒரே வார்த்தையில் கடையைச் சாத்திவிடுவாய், ஆகவே சாப்பாடு, தூக்கம், உன் மேலாளர் மூன்றைப் பற்றியும் தனித்தனியாக எழுதவும். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் தொண்டையைச் செருமுவதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி முடிவை முதலில் சொல்லிவிடுவாள், அதனால்தான் காகிதம். கெஞ்சிக் கூத்தாடி அவள் வாயை மூடி வைத்திருக்கிறேன், நீ பாட்டுக்குக் கூப்பிட்டுக் கிளறிவிடாதே.

ஆற்றின் மேல் புதுப் பாலம் கட்டுகிறார்களே, அது அடுத்த வருடம் திறக்கப்போகிறது. திறப்பு விழா எப்படி இருக்க வேண்டும் என்பதை மாணவர்களே யோசித்து, வரைந்து, மாடல் செய்து காட்ட வேண்டும் என்று நகராட்சி ஒரு போட்டி வைத்தது, ஜெயிக்கிற மாடல்படியே விழா நடக்குமாம். இது காதில் விழுந்ததும் உன் அப்பன் மனம் எங்கே ஓடியிருக்கும் என்று உனக்குத் தெரியாதா? நாமோ நாற்காலி வாடகைக்கு விடுகிறவர்கள், வீட்டில் ஒருத்தி கட்டடக்கலை படிக்கிறாள், பாலமோ நல்ல நீளம். எதிர்க்கடைத் தையல்காரரிடம் போய், "பாலம் முழுக்க நம்ம நாற்காலிதான், பாத்துக்கங்க" என்று சொல்லியும் விட்டேன். அவர் ஊசியில் நூலைக் கோத்தபடி, "ஆர்டர் வந்துடுச்சா?" என்றார். "வீட்டுக்குள்ளயே வளருது" என்றேன்.

வளர்ந்தது என்ன செய்தது கேள். நம் சில்வண்டு (கல்லூரிக்குப் போயும் வாய் ஓயவில்லை, பெயரை மாற்ற எனக்கு ஒரு வாய்ப்பும் தரமாட்டேன் என்கிறாள்) ஒருநாள் சாப்பிடும்போது அறிவித்தாள், மேடையே கிடையாதாம். பாலத்தின் இரண்டு ஓரத்திலும் ஒரே ஒரு வரிசை, ஜனங்கள் எதிரும் புதிருமாக உட்காருவார்களாம், நடுவே பாட்டும் ஆட்டமும் வாத்தியமும் பாலம் கட்டிய தொழிலாளர்களும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நகர்ந்து போவார்களாம். "சின்ன வயசுல இருந்து உன்கூட எத்தனை விழாவுக்கு வந்திருக்கேன்ப்பா. முன்னாடி சோபா காலியாக் கெடக்கும், பின்னாடி ஜனம் எக்கி எக்கிப் பாக்கும். இதுல எல்லாருக்கும் முதல் வரிசை" என்றாள். அந்தச் சோபாக்களைப் போட்டவனே நான்தானே, சுரீர் என்றது. ஆனாலும் பெருமை தாங்கவில்லை, இரண்டு ஓரத்துக்கும் எத்தனை லோடு என்று மனக்கணக்கைத் தொடங்கிவிட்டேன். அப்போதுதான் அடுத்த குண்டைப் போட்டாள், "நாற்காலிய அவங்கவங்க வீட்டுல இருந்து தூக்கிட்டு வருவாங்க." எனக்குப் புரையேறியது. உன் அம்மா என் தலையைத் தட்டிக்கொண்டே, "பெத்த பொண்ணே கடைக்குப் பூட்டுப் போட்டுட்டா" என்று சிரித்தாள், தட்டலில் கொஞ்சம் கூடுதல் உற்சாகம் இருந்ததாக எனக்குச் சந்தேகம். வாடகை நாற்காலியில் மனிதர்கள் விறைப்பாக உட்காருவார்களாம், தன் வீட்டு நாற்காலியைச் சுமந்து வந்தவன் விருந்தாளி இல்லையாம், அது அவனுடைய விழாவாம். இத்தனை வருடமாக நான் ஊரையே விறைக்க வைத்துக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை, சரி என்று நானே இறக்கி வைத்துவிட்டேன். ஆனால் அவள் வேலை செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். தீக்குச்சியிலும் கம்பியிலும் அட்டையிலும் விரல்நுனி அளவு நாற்காலிகள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. முடிவெட்டுகிறவரின் சுழல் நாற்காலி, பிரம்பு நாற்காலி, பள்ளிக்கூட பெஞ்சு, சமையலறை ஸ்டூல், சக்கர நாற்காலி, சாய்ந்துபோன ஆபீஸ் நாற்காலி. எது எதன் பக்கத்தில் என்று வாரக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்தாள். "சின்னப் பிள்ளை நாற்காலி பக்கத்துல சக்கர நாற்காலி, அப்பத்தான் ரெண்டு பேருக்கும் பேச்சுத்துணை" என்று அவள் தனக்குத்தானே முணுமுணுத்தபோது, தொழிலில் ஊறிய எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லையே என்று வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

போட்டியன்று அவள் முன்னாலேயே போய்விட்டாள், மாடலை வேனில் கொண்டுவருவது என் பொறுப்பு. "நாற்காலி எதையும் ஒட்டலப்பா, ஜாக்கிரதை" என்றுதான் சொன்னாள். ஒட்டவில்லை என்றால் வேன் குலுங்கும்போது விழுமே! கடையில் சாமான் ஏற்றி இறக்குகிற மெதுவா (எதைத் தூக்கினாலும் "மெதுவா, மெதுவா" என்பாரே, அவரேதான்) என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விழா முடிந்தால் நாங்கள் என்ன செய்வோம்? இரண்டு பேருமாகச் சேர்ந்து அத்தனை குட்டி நாற்காலிகளையும் ரகம் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நூல் சுற்றி, டப்பாவில் வைத்துவிட்டோம். அவ்வளவு நேர்த்தியாக நான் வாழ்நாளில் அடுக்கியதில்லை.

அரங்கத்தில் மற்றவர்களின் மாடல்களில் நீரூற்று பீச்சியது, விளக்கு மினுக்கியது, ஒரு வளைவு கூரையைத் தொட்டது. சில்வண்டின் முறை வந்ததும் பாலத்தை மேசையில் வைத்தோம், மொட்டைப் பாலம். டப்பாவைத் திறந்தவள் முகம் வெளுத்துப் போயிற்று. "அடுக்கிட்டியாப்பா?" என்றாள். "ரகவாரியா அடுக்கியிருக்கேன்மா" என்றேன், அதையும் பெருமையாக. உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் காகிதம் பொசுங்கும். நடுவர்களோ காத்திருக்கிறார்கள். அவள் ஒரு மூச்சு இழுத்தாள், டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு நேராக நடுவர்களிடம் போனாள், "ஆளுக்கு ஒரு நாற்காலி எடுங்க. நீங்களே கொண்டு வந்து போடுங்க, அதுதான் என் விழா" என்றாள்.

கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்த தலைமை நடுவரம்மா பிரம்பு நாற்காலியை எடுத்து, "எங்கம்மா வைக்கட்டும்?" என்றார். "யார் பக்கத்துல உக்காரணும்னு தோணுதோ அங்க." நகராட்சிப் பொறியாளர் சுழல் நாற்காலியை நட்டநடுவில் வைக்க, "சார், அது வழி, நசுங்கிடுவீங்க" என்றாள், அரங்கமே சிரித்தது. பிறகு கேட்க வேண்டுமா, போட்டிக்கு வந்த மற்ற பிள்ளைகளும் வரிசையில் நின்றுவிட்டார்கள், நம் மெதுவாகூட ஒரு ஸ்டூலை இரண்டு விரலில் பிடித்து "மெதுவா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு போய் வைத்தார். வரிசை கோணல்மாணலாக வந்தது, ஆனால் வெறும் அட்டைப் பாலத்தில் ஜனக்கூட்டம் உட்கார்ந்திருப்பது போல இருந்ததடா.

அப்போது பொறியாளர், நசுங்கிய கோபமோ என்னவோ, "நாற்காலி இல்லாதவங்க? தூக்கிட்டு வர முடியாதவங்க?" என்று கேட்டார். இதைப் பற்றி அவள் வீட்டில் ஒருநாளும் யோசிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் என் சட்டைப்பையில் கைவிடும்முன் ஒரு பார்வை பார்ப்பாளே, அதே பார்வை. "அதோ நிக்கறாரே எங்கப்பா, நாற்காலிக் கடை வச்சிருக்கார். இல்லாதவங்க வீட்டுக்கு அவரே கொண்டுபோய்க் குடுப்பார். வாடகை கெடையாது" என்றாள். அத்தனை தலையும் திரும்பியது, கைதட்டல் காதைப் பிளந்தது. நான் என்ன செய்வேன், எல்லாம் என் யோசனைதான் என்பது போல எழுந்து ஒரு கும்பிடு போட்டேன்.

முதல் பரிசு அவளுக்குத்தான். வேனில் திரும்பும்போது, "ஏண்டி, ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றேன். "தெரியும்ப்பா, அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கண்ணில் ஏதோ தூசி, வேன் ரொம்பப் பழசு.

ஒன்று விட்டுப்போயிற்று. எல்லோரும் வைத்து முடித்த பிறகு டப்பா மூலையில் ஒரே ஒரு நாற்காலி மிச்சம் இருந்தது, கால் ஒன்று குட்டை, அடியில் காகித மடிப்பு. உன் படிப்பு நாற்காலிதான், அந்த மடிப்பைக்கூட விடவில்லை அவள். நடுவரம்மா, "இது யாரோடது?" என்று கேட்டார். "எங்கண்ணனோடது. தூரத்துல இருக்கான். அவன்தான் வந்து போடணும்" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மாடல் இப்போது நகராட்சி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, நாங்கள் மூவரும் ஆளுக்கொரு நாற்காலி வைத்து உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி. கடைக்குப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்க்கிறேன், யாரும் இடம் பிடித்துவிடவில்லை.

நிஜ நாற்காலியின்மேல் உன் அம்மா துணிகளை மலையாகக் குவித்து வைத்திருக்கிறாள், அதைத் தனியாகக் கண்டிக்கவும். நீ நோய்நொடி இல்லாமல், நல்ல பேரோடு நூறு வருடம் இரு. விடுப்புக்கு இப்போதே சொல்லி வை. ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் நாற்காலி சுமக்க நான் தயார், உன்னுடையதை மட்டும் தொடமாட்டேன், வீட்டில் கால் இருக்கிறவர்கள் தாங்களே தூக்கி வர வேண்டும் என்பது உன் தங்கை போட்ட விதி.

இப்படிக்கு,
கேட்காமலே வள்ளலாக்கப்பட்ட
உன் அப்பா